மின்வாகனங்களுக்கான அரசுக் கொள்கையும் மானியங்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மின்வாகனம் வாங்க நினைப்பவர்களும், வாங்காவிட்டாலும் தங்கள் வரிப்பணம் எங்கே போகிறது என்று அறிய விரும்புபவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கான விடைகள் இங்கே தரப்பட்டுள்ளன. பல நாடுகளின் அனுபவம் எடுத்துக்காட்டாக வருகிறது. ஒரு நாட்டில் பலித்தது இன்னொரு நாட்டில் அப்படியே பலிக்கும் என்று யாரும் உறுதி கூற முடியாது என்பதையும் நினைவில் வைத்துக்கொண்டு படிப்பது நல்லது.

தனியொருவர் வாங்கும் வண்டிக்கு அரசு ஏன் பொதுப்பணத்தைத் தர வேண்டும்?

இதற்கு மூன்று காரணங்கள் வழக்கமாகச் சொல்லப்படுகின்றன. பெட்ரோல், டீசல் புகையால் வரும் நோய்ச்செலவை வண்டி ஓட்டுபவர் தருவதில்லை. தெருவில் நடப்பவர் தருகிறார். கச்சா எண்ணெயை இறக்குமதி செய்யும் நாடுகளுக்கு அந்நியச் செலாவணிச் சுமை என்ற கவலையும் உண்டு. ஆனால் பொருளாதார நோக்கில் வலுவானது மூன்றாவது காரணம்தான் என்பது என் கருத்து. புதிய தொழில்நுட்பம் ஒன்று அதிக எண்ணிக்கையில் உற்பத்தியாகும்போதுதான் மலிவாகிறது. மலிவாகும் வரை அதை வாங்க ஆள் இல்லை. இந்தச் சிக்கலில் முதல் சில ஆண்டுகளுக்கு அரசு கைகொடுத்தால், பிறகு சந்தை தானாக நடக்கும் என்பதே வாதம். 2010-ஐ ஒட்டி ஒரு கிலோவாட் மணி (பேட்டரியில் சேமிக்கும் மின்சாரத்தின் அலகு) கொள்ளளவுக்கு 1,000 டாலருக்கும் மேல் இருந்த லித்தியம் அயனி பேட்டரித் தொகுப்பின் சராசரி விலை 2024-ல் ஏறத்தாழ 115 டாலராக இறங்கியிருப்பது இந்த வாதத்துக்குச் சாதகமான சான்று. அதே வாதத்தின்படி, விலை இறங்கிய பிறகும் மானியம் தொடர வேண்டிய தேவை குறைகிறது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

மானியம் என்பது கையில் தரப்படும் தொகை மட்டும்தானா?

இல்லை. வாங்கும்போதே விலையில் கழித்துக்கொள்ளப்படும் தொகை, வாங்கிய பிறகு விண்ணப்பித்துப் பெறும் தொகை, வருமான வரியில் கழிவு, விற்பனை வரியிலும் பதிவுக் கட்டணத்திலும் விலக்கு, கடன் வட்டியில் சலுகை எனப் பல வடிவங்கள் உள்ளன. இவற்றுக்கிடையே உள்ள வேறுபாடு சிறிய விஷயமாகத் தோன்றும். நடைமுறையில் அதுதான் யாருக்குப் பயன் கிடைக்கிறது என்பதைத் தீர்மானிக்கிறது.

அமெரிக்காவில் நீண்டகாலம் இருந்த 7,500 டாலர் சலுகை வருமான வரிக் கழிவாக இருந்தது. ஓர் ஆண்டில் 3,000 டாலர் மட்டுமே வரி கட்ட வேண்டிய ஒருவருக்கு அந்தச் சலுகையின் மதிப்பும் 3,000 டாலர்தான். மீதி கையில் வராது. குறைந்த வருமானம் உள்ளவருக்குக் குறைந்த உதவி என்று இதற்குப் பொருள். 2024 ஜனவரி முதல் அந்தக் கழிவை விற்பனையாளருக்கு மாற்றிக் கொடுத்து, வாங்கும் இடத்திலேயே விலையைக் குறைத்துக்கொள்ள வழி செய்யப்பட்டது. தொகை மாறவில்லை, கொடுக்கும் முறைதான் மாறியது. ஆனால் வாங்குபவருக்கு அது பெரிய மாற்றம்.

பணமே இல்லாத சலுகைகளும் உண்டு. பேருந்துத் தடத்தில் செல்ல அனுமதி, சுங்கச்சாவடியில் விலக்கு, இலவச நிறுத்துமிடம் ஆகியவை அவற்றுள் சில. பெய்ஜிங்கில் பெட்ரோல் காருக்குப் பதிவெண் பெறக் குலுக்கலில் பெயர் விழ வேண்டும். ஷாங்காயில் ஏலத்தில் பெரும் தொகை கொடுக்க வேண்டும். அங்கே மின்வாகனத்துக்குத் தனி ஒதுக்கீடாகவோ இலவசமாகவோ பதிவெண் கிடைத்ததே பலரை அந்தப் பக்கம் இழுத்தது.

நார்வேயில் புதிய கார்களில் பெரும்பாலானவை மின்கார்கள் என்கிறார்களே, அது எப்படி நடந்தது?

2024-ல் நார்வேயில் பதிவான புதிய கார்களில் 88.9 சதவீதம் முழு மின்கார்கள். பலர் நினைப்பதுபோல அங்கே அரசு ஒவ்வொரு காருக்கும் பணம் எடுத்துக் கொடுக்கவில்லை. மற்ற கார்களுக்கு ஏற்கெனவே கடுமையான வரி இருந்தது. எடையையும் புகையையும் பொறுத்து ஏறும் கொள்முதல் வரியும், அதன் மேல் 25 சதவீத மதிப்புக்கூட்டு வரியும். 1990-ல் மின்கார்களுக்கு முதல் வரியிலிருந்தும், 2001-ல் இரண்டாவது வரியிலிருந்தும் விலக்குக் கிடைத்தது. இதனால் விலை உயர்ந்த மின்காரும் அதே தரத்திலான பெட்ரோல் காரும் கடையில் ஏறத்தாழ ஒரே விலைக்கு வந்து நின்றன.

இதன் தொடக்கம் சுவையானது. 1989-ல் ‘ஆ-ஹா’ இசைக்குழுவைச் சேர்ந்த மோர்ட்டன் ஹார்க்கெட், மாக்னே ஃபுருஹோல்மன் இருவரும் பெல்லோனா என்ற சுற்றுச்சூழல் அமைப்பின் ஃபிரெடெரிக் ஹாகேயும் மின்காராக மாற்றப்பட்ட ஒரு ஃபியட் பாண்டாவை நாட்டுக்குள் கொண்டுவந்து, சுங்கச்சாவடிகளில் கட்டணம் கட்ட மறுத்துக்கொண்டே ஓட்டினார்கள். கார் பறிமுதல் செய்யப்பட்டு ஏலத்துக்கு வந்தது; அவர்களே திரும்ப வாங்கினார்கள். மின்கார்களுக்கான சுங்க விலக்கு 1997-ல் சட்டமாயிற்று. எட்டு ஆண்டுப் பிடிவாதம் என்று சொல்லலாம்.

மற்ற நாடுகள் கவனிக்க வேண்டியது சலுகையின் அளவைவிட அதன் ஆயுளை. அரசுகள் மாறியும் அடிப்படை விதிகள் முப்பது ஆண்டுகளுக்கு மேல் நிலைத்தன. குறைத்தபோதும் படிப்படியாகவே குறைத்தார்கள். 2023 ஜனவரி முதல் 5 லட்சம் குரோனருக்கு (நார்வே நாணயம்) மேற்பட்ட விலைப் பகுதிக்கு மட்டும் மதிப்புக்கூட்டு வரி வந்தது. அதேவேளை, பாதுகாக்க வேண்டிய உள்நாட்டுக் கார்த் தொழில் அங்கே இல்லை, மின்சாரம் பெரும்பாலும் நீர்வீழ்ச்சியிலிருந்து வருகிறது, அரசின் கஜானாவில் எண்ணெய் ஏற்றுமதிப் பணம் இருக்கிறது. எண்ணெய் விற்ற பணத்தின் துணையில் எண்ணெய் வேண்டாத வண்டிகள் ஓடுகின்றன என்ற முரணை நார்வேகாரர்களே பேசிக்கொள்வதுண்டு.

மானியத் தொகையை எந்த அடிப்படையில் கணக்கிடுகிறார்கள்?

பேட்டரியின் கொள்ளளவு, ஒரு சார்ஜில் ஓடும் தூரம், வண்டியின் விலை, கரிவாயு (கார்பன் டைஆக்சைடு) குறைப்பு என ஏதாவது ஒன்றையோ சிலவற்றைச் சேர்த்தோ வைத்துக் கணக்கிடுகிறார்கள். ‘ஃபேம்’ என்ற இந்திய அரசின் மின்வாகன மானியத் திட்டத்தின் இரண்டாம் கட்டம் நல்ல எடுத்துக்காட்டு. 2019 ஏப்ரலில் தொடங்கிய அத்திட்டத்தில், 2021 ஜூன் முதல் இருசக்கர வாகனங்களுக்கு ஒரு கிலோவாட் மணிக்கு 15,000 ரூபாய், ஆனால் வண்டி விலையில் 40 சதவீதத்துக்கு மேல் இல்லை என்ற விதி இருந்தது. 2023 ஜூன் முதல் அது 10,000 ரூபாயாகவும் 15 சதவீதமாகவும் குறைந்தது.

ஒரு லட்சம் ரூபாய் ஆலை விலையும் 3 கிலோவாட் மணி பேட்டரியும் கொண்ட ஒரு ஸ்கூட்டரை எடுத்துக்கொள்வோம். முதல் விதிப்படி கணக்கு 45,000 ரூபாய். உச்சவரம்பு குறுக்கிடுவதால் கிடைப்பது 40,000. இரண்டாம் விதிப்படி கணக்கு 30,000. உச்சவரம்பு குறுக்கிடுவதால் கிடைப்பது 15,000 மட்டுமே. செய்தித்தாள்கள் 15,000 என்பது 10,000 ஆயிற்று என்று எழுதின. வாங்குபவரின் கையில் விழுந்த அடி அதைவிடப் பெரியது. அது உச்சவரம்பில் ஒளிந்திருந்தது. 2024 அக்டோபரில் வந்த அடுத்த மானியத் திட்டமான பிஎம் இ-டிரைவ் முதல் ஆண்டில் கிலோவாட் மணிக்கு 5,000 ரூபாய், ஒரு வண்டிக்கு அதிகபட்சம் 10,000 என்று வைத்து, அடுத்த ஆண்டில் இரண்டையும் பாதியாக்கியது.

விதி எப்படியோ பொருளும் அப்படி. ஒரு சார்ஜில் ஓடும் தூரத்தைப் படிநிலையாக வைத்து மானியம் தந்த சீனாவில் குறைந்தபட்சத் தூரத்தை ஆண்டுதோறும் உயர்த்த உயர்த்த, உற்பத்தியாளர்களும் பேட்டரியைப் பெரிதாக்கிக்கொண்டே போனார்கள். விலை வரம்பு இருக்கும் இடத்தில் வரம்புக்குச் சற்றுக் கீழே விலைகள் குவியும். இந்தியாவில் சில ஸ்கூட்டர் நிறுவனங்கள் சார்ஜரைத் தனிப்பொருளாகக் காட்டித் தனியாகப் பணம் வாங்கி, வண்டி விலையை வரம்புக்குள் வைத்துக்கொண்டன. அரசு தலையிட்டதால் 2023-ல் அந்தத் தொகையை வாடிக்கையாளர்களுக்குத் திருப்பித் தர நேர்ந்தது.

அரசு கொடுக்கும் தொகை முழுவதும் வாங்குபவருக்கே போய்ச் சேருகிறதா?

எப்போதும் இல்லை. போட்டி குறைவாகவும் காத்திருப்போர் பட்டியல் நீளமாகவும் இருந்தால், உற்பத்தியாளர் விலையைக் குறைக்காமல் மானியத்தின் ஒரு பகுதியைத் தன் லாபத்தில் சேர்த்துக்கொள்ள முடியும். பிரிட்டன் 2021 மார்ச்சில் மானியத்துக்கான விலை வரம்பை 50,000 பவுண்டிலிருந்து 35,000 பவுண்டாகக் குறைத்தபோது, சில நிறுவனங்கள் தங்கள் கார்களின் விலையைக் குறைத்து வரம்புக்குள் கொண்டுவந்தன. அவ்வளவு குறைக்க முடிந்ததென்றால், முன்பு அந்த இடைவெளி எங்கே போய்க்கொண்டிருந்தது என்று கேட்கத் தோன்றுகிறது.

நேரடி மோசடியும் நடந்திருக்கிறது. 2016-ல் சீன நிதியமைச்சகம் ஐந்து பேருந்து உற்பத்தி நிறுவனங்கள் பொய்க்கணக்குக் காட்டி 100 கோடி யுவானுக்கும் மேல் மானியம் கோரியதாக அறிவித்தது. விற்பனையை எண்ணிப் பணம் தரும் திட்டங்களில், வண்டி உண்மையில் சாலையில் ஓடுகிறதா என்று பார்க்கும் ஏற்பாடும் கூடவே வேண்டும். பின்னர் சீனா குறிப்பிட்ட தூரம் ஓடிய பிறகே சில வகை வாகனங்களுக்குப் பணம் தரும் முறைக்கு மாறியது.

இந்த மானியம் வசதி படைத்தவர்களுக்கே போகிறது என்ற குறை உண்மையா?

பெரும்பாலும் உண்மை. புதிய கார் வாங்குபவர்களே வசதியுள்ளவர்கள். அதிலும் தொடக்க ஆண்டுகளில் மின்கார் வாங்கியவர்கள் பலருக்கு அது வீட்டின் இரண்டாவது கார். குறையைப் போக்கப் பல வழிகள் முயன்று பார்க்கப்பட்டுள்ளன. அமெரிக்கா 2022-ல் இயற்றிய சட்டம் தனிநபருக்கு 1,50,000 டாலர், தம்பதியருக்கு 3,00,000 டாலர் என வருமான வரம்பு வைத்தது; பழைய மின்கார்களுக்கும் 4,000 டாலர் வரை கழிவு தந்தது. பிரான்ஸ் 2024 ஜனவரியில் குறைந்த வருமானம் உள்ளவர்களுக்கு மாதம் ஏறத்தாழ 100 யூரோவிலிருந்து குத்தகைக்குக் கார் தரும் திட்டத்தைத் தொடங்கியது. சுமார் 50,000 பேர் இடம்பிடித்துவிட, சில வாரங்களிலேயே அந்த ஆண்டுக்கான கதவை மூட வேண்டியதாயிற்று. ஏழைகளுக்கு மின்காரில் ஆர்வமில்லை என்ற பேச்சுக்கு அதுவே விடை.

என்னைக் கேட்டால், பணம் குறைவாக உள்ள அரசு முதலில் பேருந்து, மூன்று சக்கர வாகனம், சரக்கு வண்டி, இருசக்கர வாகனம் ஆகியவற்றுக்குச் செலவிட வேண்டும். நாள் முழுவதும் ஓடும் வண்டியில் போடும் ஒவ்வொரு ரூபாயும், நாளில் ஒரு மணி நேரம் ஓடி மற்ற நேரம் நிழலில் நிற்கும் காரில் போடும் ரூபாயைவிட அதிகப் புகையை மிச்சப்படுத்துகிறது. இந்தியாவின் ஃபேம் இரண்டாம் கட்டம் தனியார் பயன்பாட்டுக் கார்களுக்கு நேரடி மானியம் தராமல், வாடகைக் கார்களுக்கும் பொதுப் போக்குவரத்துக்கும் இருசக்கர வாகனங்களுக்கும் தந்தது இந்த நோக்கில் சரியான முடிவே.

மானியத்தைத் திடீரென நிறுத்தினால் என்ன ஆகும்?

ஜெர்மனி இதற்குப் பாடநூல் போன்ற எடுத்துக்காட்டு. 2016-ல் தொடங்கிய அதன் கொள்முதல் மானியம் 2024 இறுதி வரை படிப்படியாகக் குறைந்து முடிவதாக இருந்தது. 2023 நவம்பரில் அரசமைப்பு நீதிமன்றம் 6,000 கோடி யூரோ நிதி ஒதுக்கீட்டைச் செல்லாது என்று தீர்ப்பளித்தது. பட்ஜெட்டில் பள்ளம் விழுந்தது. டிசம்பர் 17-க்குப் பிறகு விண்ணப்பம் ஏற்கப்படாது என்று முந்தைய நாள்தான் அறிவித்தார்கள். கார் பதிவான பிறகே விண்ணப்பிக்க முடியும் என்பதால், முன்பதிவு செய்துவிட்டுக் கார் வரக் காத்திருந்தவர்கள் நடுவழியில் நின்றார்கள். சில உற்பத்தியாளர்கள் அந்தத் தொகையைத் தாங்களே ஏற்றுக்கொண்டார்கள். 2023-ல் 5,24,219 ஆக இருந்த மின்கார்ப் பதிவு 2024-ல் 3,80,609 ஆக, அதாவது 27.4 சதவீதம் சரிந்தது.

சீனாவின் தேசியக் கொள்முதல் மானியமும் 2022 டிசம்பர் 31-ல் முடிந்தது. ஆனால் அதற்கு முன் பல ஆண்டுகளாக ஆண்டுதோறும் குறைக்கப்பட்டு வந்ததாலும், 10 சதவீதக் கொள்முதல் வரியிலிருந்து விலக்குத் தொடர்ந்ததாலும், அதற்குள் கார்களின் விலையே இறங்கிவிட்டதாலும் சந்தை தடுமாறி விழவில்லை. 2024 ஜூலையில் சீனாவில் விற்ற புதிய பயணிகள் கார்களில் சார்ஜ் செய்யக்கூடியவை முதன்முறையாகப் பாதியைத் தாண்டின.

அமெரிக்காவில் 2025 ஜூலையில் இயற்றப்பட்ட சட்டம் 7,500 டாலர் கழிவை அந்த ஆண்டு செப்டம்பர் 30-உடன் முடித்தது. கடைசி மாதங்களில் வாங்குவோர் முண்டியடித்தனர், அடுத்த மாதமே விற்பனை வீழ்ந்தது. முடிவு தேதி தெரிந்தால் மக்கள் முந்திக்கொள்வார்கள் என்பது இயல்பு. அதனால்தான் ஒரே பள்ளமாக வெட்டாமல் படிக்கட்டாக இறக்க வேண்டும் என்று சொல்கிறோம்.

மானியமே தராமல் மின்வாகனங்களைப் பரப்ப முடியாதா?

முடியும், அதற்கு உற்பத்தியாளர் மீது கடமை சுமத்த வேண்டும். கலிபோர்னியா 1990-லேயே, 1998 முதல் விற்கும் கார்களில் 2 சதவீதம் புகையற்றதாக இருக்க வேண்டும் என்று விதித்தது. அன்றைய பேட்டரி அதற்கு ஈடுகொடுக்கவில்லை, விதி தளர்த்தப்பட்டது. ஆனால் அந்தக் கருத்து உயிரோடிருந்தது. சீனா இன்று இரட்டை மதிப்பெண் முறையின்கீழ் ஒவ்வொரு கார் நிறுவனமும் மின்வாகனம் தயாரித்துக் குறிப்பிட்ட அளவு மதிப்பெண்ணை ஈட்டவோ, மற்றவரிடமிருந்து வாங்கவோ செய்ய வைக்கிறது. பிரிட்டன் 2024-ல் புதிய கார்களில் 22 சதவீதம் என்று தொடங்கி 2030-ல் 80 சதவீதம் வரை ஏறும் இலக்கை வைத்துள்ளது. இங்கே செலவு அரசின் கஜானாவிலிருந்து போகாது. பெட்ரோல் கார் வாங்குபவரின் விலையிலும் நிறுவனத்தின் லாபத்திலும் பங்கிடப்படும்.

எத்தியோப்பியா 2024-ல் பெட்ரோல், டீசல் கார்களின் இறக்குமதியையே தடை செய்தது. எரிபொருள் வாங்க அந்நியச் செலாவணி இல்லாத, நீர்மின்சாரம் உள்ள ஒரு நாட்டின் முடிவு அது.

ஹைப்ரிட் வண்டிகளுக்கும் சலுகை தரலாமா?

ஹைப்ரிட் என்பது பெட்ரோல் எஞ்சினும் மின்மோட்டாரும் சேர்ந்த வண்டி. சார்ஜ் செய்யும் வசதியுள்ள ஹைப்ரிட் காரை யாரும் சார்ஜே செய்யாவிட்டால், அது கனமான பெட்ரோல் கார். வரிச்சலுகைக்காக நிறுவனங்கள் வாங்கிய கார்களில் சில, சார்ஜ் வடத்தின் உறைகூடப் பிரிக்கப்படாமல் திரும்பி வந்ததாகப் பிரிட்டனில் 2018-ல் செய்திகள் வெளியாயின. அந்த ஆண்டே அங்கே இவ்வகைக் கார்களுக்கான மானியம் நின்றது. ஜெர்மனி 2022 இறுதியில் நிறுத்தியது.

வாகனத்துக்குத் தருவதைவிடச் சார்ஜிங் நிலையங்களுக்குப் பணம் தருவது சிறந்ததல்லவா?

இரண்டில் ஒன்று என்று பார்க்கத் தேவையில்லை. ஆனாலும் வாகன மானியம் போதிய அளவு வேலை செய்த பிறகு, அடுத்த கட்டத் தடை சார்ஜிங்தான் என்பது பல நாடுகளில் தெரிந்துவிட்டது. ஐரோப்பிய ஒன்றியம் முதன்மை நெடுஞ்சாலைகளில் 60 கிலோமீட்டருக்கு ஒரு விரைவுச் சார்ஜிங் இடம் இருக்க வேண்டும் என்று விதித்துள்ளது. நிலையம் கட்டப் பணம் கொடுத்தால் நிலையம் வரும், ஆனால் அது இயங்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை. திறப்பு விழாவுக்குப் பிறகு திரை அணைந்து கிடக்கும் சார்ஜரைப் பார்க்காதவர் மின்வாகன ஓட்டிகளில் குறைவு. அதனால்தான் அமெரிக்காவின் 500 கோடி டாலர் நெடுஞ்சாலைச் சார்ஜிங் திட்டம் ஒவ்வொரு சார்ஜரும் 97 சதவீத நேரம் இயங்க வேண்டும் என்றும், பிரிட்டன் விரைவுச் சார்ஜர் வலைப்பின்னல்கள் சராசரியாக 99 சதவீத நேரம் இயங்க வேண்டும் என்றும் நிபந்தனை வைத்தன.

அடுக்குமாடிக் குடியிருப்பில் இருப்பவருக்குத் தேவைப்படுவது பெரும்பாலும் பணம் அன்று. தன் நிறுத்துமிடத்தில் ஒரு மின் இணைப்பு வைத்துக்கொள்ளும் உரிமை. சட்டத்தில் ஒரு திருத்தம் செய்தால் போதும், அரசுக்கு ஏறத்தாழ செலவே இல்லை. இவ்வளவு மலிவான கொள்கை பல இடங்களில் இவ்வளவு தாமதமாக வருவது ஏனென்று விளங்கவில்லை.

மின்சாரமே நிலக்கரியிலிருந்து வந்தால் இந்த மானியத்தால் என்ன பயன்?

நகரத் தெருவின் புகை குறைகிறது; அது உறுதி. கரிவாயுக் கணக்கில் பயன் குறைவுதான், ஆனால் மின்மோட்டார் எடுக்கும் ஆற்றலில் பெரும்பகுதியைச் சக்கரத்துக்கு அனுப்புகிறது, பெட்ரோல் எஞ்சினோ பெரும்பகுதியை வெப்பமாக இழக்கிறது என்பதால் பயன் முற்றிலும் இல்லாமல் போவதில்லை. இன்று வாங்கிய வண்டி பத்துப் பதினைந்து ஆண்டுகள் ஓடும். அதற்குள் மின்கட்டமைப்பு தூய்மையானால் அதே வண்டியும் தூய்மையாகிறது.

பெட்ரோல் வரி வருவாய் குறைந்தால் சாலைகளுக்கு யார் பணம் தருவது?

மின்வாகனம் ஓட்டுபவர்களும் தர வேண்டிய காலம் வந்துகொண்டிருக்கிறது. நியூசிலாந்து 2024 ஏப்ரல் முதல் மின்கார்களிடம் 1,000 கிலோமீட்டருக்கு 76 நியூசிலாந்து டாலர் வசூலிக்கிறது; ஐஸ்லாந்து அதே ஆண்டு ஜனவரியில் ஒரு கிலோமீட்டருக்கு 6 குரோனா கட்டணத்தைத் தொடங்கியது; பிரிட்டனில் 2025 ஏப்ரல் முதல் மின்கார்களும் ஆண்டுச் சாலை வரி கட்டுகின்றன. நியாயத்தில் குறையில்லை. ஆனால் நியூசிலாந்து 2023 டிசம்பர் 31-ல் கொள்முதல் தள்ளுபடியை நிறுத்தி மூன்றே மாதத்தில் இந்தக் கட்டணத்தையும் கொண்டுவந்தது. இரண்டு அடியும் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்ததில் அங்கே மின்கார் விற்பனை கடுமையாகச் சரிந்தது.

மானியத்தை நம்பி வாங்கப் போகிறேன். எதைக் கவனிக்க வேண்டும்?

முதலில் தேதியைக் கவனியுங்கள். தகுதியைத் தீர்மானிப்பது முன்பதிவு செய்த நாளா, விலைப்பட்டியல் போட்ட நாளா, வண்டி பதிவான நாளா என்று திட்ட விதியிலேயே படித்துப் பாருங்கள். விற்பனையாளரின் வாய்ச்சொல் போதாது. பதிவு நாள்தான் கணக்கு என்றால், வண்டி வரத் தாமதமானால் இழப்பு யாருடையது என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அடுத்து, நீங்கள் எடுக்கும் குறிப்பிட்ட வகை அங்கீகரிக்கப்பட்ட பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரே பெயரில் வரும் இரு வகைகளில் பெரிய பேட்டரி கொண்டது விலை வரம்பைத் தாண்டி வெளியே நிற்கக்கூடும்.

வாங்கிய பிறகு எவ்வளவு காலம் விற்கக் கூடாது என்ற நிபந்தனையும் இருக்கலாம். ஜெர்மனியில் 2023 முதல் அது 12 மாதமாக இருந்தது. முன்கூட்டியே விற்றால் பெற்ற தொகையைத் திருப்பித் தர நேரும். கடைசியாக, மானியம் இல்லாத விலையில் ஒருமுறை கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆண்டுக்கு எத்தனை கிலோமீட்டர் ஓட்டுவீர்கள், வீட்டில் சார்ஜ் செய்ய முடியுமா, எரிபொருளில் மிச்சமாவது எவ்வளவு என்ற மூன்றையும் எழுதிப் பார்த்த பிறகும் கணக்கு ஒத்துவந்தால், திட்டம் நாளை நின்றாலும் உங்கள் முடிவு தவறாகாது. ஒத்துவரவில்லை என்றால், அடுத்த ஆண்டின் மாடல் விலை குறைந்து வரும் வரை பழைய வண்டியையே ஓட்டலாம்.